மாஸ்டர் ஓட்டினால் மட்டும்

மூன்றாவது தடவையாகக் கிளச் மாஸ்டரின் கார் நடுரோட்டில் நின்றபோது, பின்னாலிருந்து ஹாரன் அடித்தவர்களில் பாதிப் பேர் அவரிடமே ஓட்டக் கற்றவர்கள். வண்டி நின்றதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒருத்தன் இறங்கி வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "மாஸ்டர், கிளச்சை மெதுவா விடணும் மாஸ்டர்" என்று அவர் பாட்டை அவருக்கே பாடிக் காட்டிவிட்டுப் போனான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆயுசில் முக்கால்வாசியை டிரைவிங் ஸ்கூல் காரின் பக்கத்து சீட்டில் கழித்த மனிதர். "கிளச், கிளச்" என்று கத்திக் கத்தி அதுவே பேராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் இருக்கிறது, அதை யாரும் கேட்டதில்லை. ஸ்கூலை மூடிய பிறகு அவருக்கென்று மிஞ்சியது அந்தப் பழைய கார் ஒன்றுதான். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காலையில் எழுந்தால் அப்பா முதலில் முகம் பார்ப்பது காரின் கண்ணாடியில்தான் என்று மகன் கேலி செய்வான்.

அந்த மகன்தான் இப்போது சாவியைக் கேட்கிறான். வண்டியில் ஒன்றுமில்லை, அப்பாவுக்குக் கால் தடுமாறுகிறது என்பது அவன் கட்சி. யார் ஓட்டினாலும் நிற்காத வண்டி அவர் ஓட்டினால் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? பேச்சு வளர்ந்து, குரல் உயர்ந்து, கடைசியில் கிளச் மாஸ்டரே ஒரு வழி சொன்னார். வண்டியில் கோளாறு இருக்கிறதென்று மாப்பிள்ளை கண்டுபிடித்துக் காட்டினால் சாவி என்னிடம் இருக்கட்டும். காட்ட முடியாவிட்டால் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன், சத்தியம்.

மாப்பிள்ளை கார் எலக்ட்ரீஷியன். பழைய கார்கள் மட்டும் பார்ப்பவன். புதுக் கார்களில் கோளாறை மெஷினே சொல்லிவிடும், அதில் தனக்கென்ன மரியாதை என்பான். அவனுடைய ஷெட், டிரைவிங் ஸ்கூலின் பின்பக்கத்து இடம். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் விட்டுக்கொடுத்தது. முதல் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவர் வாய்ச்சொல்லால் வந்தவர்கள். "என் மாப்பிள்ளைகிட்ட விடுங்க, அவர் கை பட்டாலே வண்டி பேசும்" என்று ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவனிடமெல்லாம் சொல்லி அனுப்பியவர். அப்படிப்பட்டவரின் வண்டியே இரண்டு மாதமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அவனும் பார்க்காத இடமில்லை. பேட்டரி முனைகளைச் சுரண்டிப் புதிதாக இறுக்கினான். எர்த் பட்டையைக் கழற்றித் துரு எடுத்தான். சூடேறினால் என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற காயில் படுத்துவிடுமோ என்று வெயிலில் மணிக்கணக்கில் என்ஜினை ஓடவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பாயின்ட், கண்டன்சர், ஃபியூஸ், பெட்ரோல் வரும் குழாய், எல்லாம் ஒழுங்கு. கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லாம்பை எங்கே வைத்தாலும் பளிச்சென்று எரிந்தது. ஊர் முழுக்க ஓட்டிப் பார்த்தான். ஒரு தும்மல்கூட இல்லை. மைத்துனனிடம் கொடுத்து ஓட்டச் சொன்னான். அவன் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மச்சான். ஓட்டுறவரைத்தான் சர்வீசுக்கு விடணும்."

எலக்ட்ரீஷியனின் மனைவி ஜன்னலோரத்து மேஜையில் ஒயர் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் பேச்சுக்கு அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஷெட்டின் பாதி வேலை அந்த மேஜையில்தான் நடந்தது. பழைய ஒயர்க் கட்டைப் பிரிப்பது, நிறம் பார்த்துப் புது ஒயர் அளந்து வெட்டுவது, முறுக்கிப் பற்றவைத்து டேப் சுற்றுவது எல்லாம் அவள்தான். டேப்பின் நுனியைச் சின்னதாக மடித்து ஒட்டுவாள், அடுத்த தடவை பிரிக்க நகம் தேட வேண்டாம் என்று. அந்த மடிப்பைப் பார்த்தே "இது உங்க ஷெட்டு வேலை" என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். எலக்ட்ரீஷியனுக்கு அதில் பெருமை உண்டு. அது யார் விரல் என்று மட்டும் சொல்ல மாட்டான். யாராவது, அக்காவும் வேலை பார்ப்பாங்களா என்று கேட்டுவிட்டால், அவளுக்குப் பிளஸ் எது மைனஸ் எதுன்னே தெரியாது, சும்மா துணைக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லி வந்தவரைச் சிரிக்க வைப்பான். அவள் தலை நிமிராமல் டேப் சுற்றிக்கொண்டிருப்பாள்.

வேறு வழி தெரியாமல் ஒரு மத்தியானம் மாமனாரையே ஓட்டச் சொல்லி, தான் பக்கத்து சீட்டில் ஏறினான். காயிலுக்குப் போகிற ஒயரிலிருந்து ஒரு நீள ஒயர் இழுத்து, டெஸ்ட் லாம்பை டேஷ்போர்டின் மேல் கட்டினான். என்ஜினுக்குக் கரண்ட் போகிறவரை அது எரியும். வண்டி நிற்கிற நொடியில் அது எரிகிறதா அணைகிறதா என்று பார்த்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. மாமனார் வைப்பரைப் போட்டார். மழையென்றால் விளக்கும் போட வேண்டுமென்று அதையும் போட்டார். திரும்பப் போகிற இடத்துக்கு வெகு முன்னாலேயே இண்டிகேட்டர். நிறுத்துவதற்கு முன்னால் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று பிரேக்கை லேசாக இரண்டு தட்டு. நின்ற பிறகும் கால் பிரேக்கிலேயே. தெருவில் வேறு யாரும் இப்படி ஓட்டவில்லை. எலக்ட்ரீஷியனே இப்படி ஓட்டுவதில்லை. மைத்துனனோ, இண்டிகேட்டர் என்பது காரில் அழகுக்கு வைத்த சாமான் என்று நினைப்பவன்.

ஓட்டிக்கொண்டே மாமனார் பாடமும் எடுத்தார். கையைக் கொஞ்சம் கீழே வையுங்கள் மாப்பிள்ளை, கண்ணாடியை மறைக்கிறீர்கள் என்றார். முன்னால் போகிற வேனைக் காட்டி, இவன் என்கிட்ட கத்துக்கிட்டவன் இல்லை, பார்த்தாலே தெரிகிறது என்றார். பேசிக்கொண்டே ரவுண்டானாவுக்கு வந்து, இண்டிகேட்டர் போட்டு, பிரேக்கில் காலை வைத்துக் காத்திருந்தார்.

டேஷ்போர்டின் மேலிருந்த லாம்ப் மங்கிற்று. இண்டிகேட்டர் ஒரு தடவை மினுக்க, அது ஒரு தடவை சுருங்கியது. மறுபடி மினுக்க, மறுபடி சுருங்கியது. வைப்பர் நடுக்கண்ணாடியில் தயங்கியது. லாம்ப் சிவந்த புள்ளியாகி, என்ஜின் ஒரு உதறு உதறி நின்றது.

பின்னால் ஹாரன் கிளம்பியது. மாமனாரின் கழுத்து சிவந்துவிட்டது. எலக்ட்ரீஷியனுக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது.

"மாமா, பிரேக்லேர்ந்து காலை எடுங்க. இண்டிகேட்டரை அணைங்க. வைப்பரும் வேண்டாம். இப்ப போடுங்க."

ஒரே சாவித் திருப்பலில் என்ஜின் எழுந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு அவன் அவருக்கு விளக்கினான். பேட்டரியிலிருந்து சாவி ஸ்விட்ச்சுக்கு ஒரே ஒரு மெயின் ஒயர் வருகிறது. காயிலுக்கும் அதுதான் சோறு போடுகிறது, வைப்பர், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் அதுதான். அந்த ஒயரில் எங்கேயோ இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. காயில் மட்டும் கேட்டால் கொடுத்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் கையேந்தினால் காயில் பட்டினி. டெஸ்ட் லாம்ப் ஒன்று எரிவதற்கு அந்த ஒன்றிரண்டு இழை போதும், அதனால்தான் தன்னை இத்தனை நாள் அது ஏய்த்தது. இண்டிகேட்டர் போடாமல், பிரேக்கை மிதிக்காமல், கண்டபடி ஓட்டுகிறவன் கையில் வண்டி நிற்காது.

"ஒழுங்கா ஓட்டுறவர்கிட்ட மட்டும்தான் மாமா இது நிக்கும்."

கிளச் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் அவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டி, இதை இங்கே பிரிக்க வேண்டாம் மாப்பிள்ளை, வீட்டில் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டுங்கள், என் மகன் கண்ணால் பார்க்கட்டும் என்றார். அவனும் சந்தோஷமாகச் சரி என்றான். உளுத்துப்போன ஒயர் ஒன்றை எடுத்து மைத்துனன் மூக்குக்கு நேரே ஆட்டுகிற காட்சி அவன் மனசில் ஓட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் மாமனார் வீட்டு வாசலில் கார் நின்றது. மைத்துனன் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தான். மாமனார் நல்ல சட்டை போட்டிருந்தார். எலக்ட்ரீஷியன் முன் சீட்டைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தான். டார்ச் பிடிக்க வழக்கம்போல அவன் மனைவி. அவன் கேட்காமலே எங்கே வெளிச்சம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மெயின் ஒயரை விரலால் வருடிக்கொண்டே போனான். ஸ்விட்ச்சுக்கு ஒரு சாண் முன்னால் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று. போன வருஷம் அவன் ஷெட்டிலேயே இந்த வண்டிக்கு ஒயர் மாற்றியிருந்தார்கள். இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ தடவை அவன் கண் அந்த ஒட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. நுனி மடித்த டேப். நம் வேலை, அதில் என்ன பார்க்க இருக்கிறது என்று விட்டுவிட்டான். இப்போது நகத்தால் அந்த மடிப்பைப் பிடித்துப் பிரித்தான்.

உள்ளே ஒட்டே இல்லை. முழு ஒயர். அதன் மேல்தோலை ஒரு விரல் அகலத்துக்கு வட்டமாக உரித்து, உள்ளிருந்த இழைகளைக் கட்டிங் பிளேயரால் ஒழுங்காக வெட்டி, இரண்டே இரண்டை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். வெட்டிய முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி இரண்டு பக்கமும் மடக்கிவிட்டு, அதன் மேல் டேப். அவ்வளவு சுத்தமான கை.

டார்ச் வெளிச்சம் ஆடவே இல்லை. அவன் தலையைத் திருப்பித் தலைகீழாகத் தெரிந்த மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. சில மாதம் முன்பு அப்பாவோடு கடைக்குப் போய்விட்டு வந்தவள் முகமெல்லாம் வெளிறி ஷெட்டுக்கு வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ரோட்டைத் தாண்டியிருக்கிறாள், அப்பா கண்ணுக்கு அவள் தெரியவே இல்லை, நான் கத்தின பிறகுதான் பிரேக் போட்டார் என்றாள். கண்ணில் புரை, ஆபரேஷனுக்கு வர மாட்டேன் என்கிறார், அந்தப் பெண்தான் குறுக்கே விழுந்தாள் என்று என்னையே திட்டுகிறார் என்றாள். அப்புறம், அந்த வண்டியை ஓடாமல் பண்ண முடியாதா என்று கேட்டாள். அவன் சிரித்தான். நான் ஓடாததை ஓட வைக்கிறவன், அதுக்கு நீ வேற ஆளைத்தான் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். அத்தோடு மறந்தும் போனான்.

"என்ன மாப்பிள்ளை, கிடைச்சுதா?"

"கிடைச்சுது மாமா." ஒயரை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். "எலி கடிச்சிருக்கு."

"பாத்தியாடா?" என்று மாமனார் மகனிடம் திரும்பினார். அவர் குரலில் அப்படியொரு துள்ளல். "மாப்பிள்ளை, அந்தத் துண்டை வெட்டிக் கொடுங்க. நான் பத்திரமா வெச்சுக்கணும்."

அவன் தயங்கினான். அழுக்கு, கையெல்லாம் ஆகிவிடும் என்று ஏதோ சொன்னான். அவர் கையை நீட்டியபடியே நின்றார். வெட்டிக் கொடுத்தான். கிளச் மாஸ்டர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண் சரியாகத் தெரியாதவர்தான், ஆனால் ஆயுசெல்லாம் சொந்தக் காரைச் சொந்தக் கையால் பார்த்துக்கொண்டவர். கட்டைவிரலால் வெட்டு முனையைத் தடவினார். பக்கத்தில் தொங்கிய டேப்பைத் தடவினார். நுனியின் மடிப்பில் விரல் நின்றது.

"எலி கடிச்சிட்டு டேப்பும் சுத்திட்டுப் போச்சா?"

மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டான்.

"இப்படி நுனி மடிக்கிறது உங்க ஷெட்ல மட்டும்தானே மாப்பிள்ளை?"

எலக்ட்ரீஷியன் காரின் தரையில் எழுந்து உட்கார்ந்தான். மாமனாரின் கேள்விகள் மெதுவாகத்தான் வந்தன. கோபமாகக்கூட இல்லை, ஓட்டத் தெரியாதவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்பாரே, அந்த மாதிரி. இந்த வண்டியின் ஒயரில் வேறு யார் கை வைக்கிறார்கள்? இரண்டு மாதமாக நீங்கள்தானே தேடினீர்கள்? இந்த இடத்தைப் பார்க்காமல் விட்டீர்களா? பார்த்தும் விட்டீர்களா? கடைசியில் மகன் பக்கம் கையைக் காட்டி, இவனோடு சேர்ந்துகொண்டீர்களா என்றார். மைத்துனன் பதறிப்போய், எனக்கு ஒன்றும் தெரியாதுப்பா என்றான். அது உண்மைதான்.

"நான் இல்ல மாமா."

"பின்னே யாரு?"

டார்ச் அணைகிற சத்தம் கேட்டது. அவள் அதைச் சீட்டின் மேல் வைத்தாள். முன்னால் வந்து அப்பாவின் கையிலிருந்த ஒயர்த் துண்டை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"விடுங்கப்பா. உங்க நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சிருப்பாரு."

அவனுக்கு முதலில் அது புரியவே இல்லை. யாரைச் சொல்கிறாள் என்று சுற்றிப் பார்த்தான். புரிந்ததும் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"அவதான் மாமா. அவளைக் கேளுங்க. அவதான் வெட்டினது."

கிளச் மாஸ்டர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி மருமகனைப் பார்த்தார். சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை.

"அவளுக்குப் பிளஸ் எது மைனஸ் எதுன்னு தெரியாதுன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்க. நானே எத்தனை தடவை காதால கேட்டிருக்கேன். இன்னிக்கு அவ இழை எண்ணி வெட்டினாங்கிறீங்க."

"மாமா, அது சும்மா..."

"பண்ணினதுகூடப் பரவாயில்ல. அதைத் தூக்கிப் பொண்டாட்டி தலையில வெக்கிறீங்களே."

அதற்கு மேல் அவன் என்ன சொல்வது? ஷெட்டில் முறுக்குவதும் பற்றவைப்பதும் அவள்தான், ஊரே மெச்சுகிற அந்த மடிப்பு அவளுடையது என்று இப்போது சொன்னால், தப்பித்துக்கொள்ள ஒரு கதை கட்டுகிறான் என்பார்கள். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லவில்லை.

வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. புது ஒயர் வைத்துப் பற்றவைத்தான். டேப் சுற்றினான். நுனியை அப்படியே விட்டான். மாமனார் ஏறி உட்கார்ந்து, விளக்கு, வைப்பர், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வெகுநேரம் என்ஜினை ஓடவிட்டார். அது தியானத்தில் இருப்பதுபோல ஒரே சீராக ஓடியது. தெருவைச் சுற்றிவிட்டு வந்து இறங்கினார். மகன் உள்ளே போனான். சாவி அவர் சட்டைப் பைக்குள் போயிற்று.

"ரொம்ப நன்றி எலக்ட்ரீஷியன்" என்றார்.

மாப்பிள்ளை என்று அவர் அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை.

இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். கருவிப் பையை அவன் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே வந்தான். ஷெட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டான்.

"வெட்டுறதுன்னு ஆச்சு. முழுசா வெட்டித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?"

"முழுசா அறுந்த ஒயரை அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவீங்க. பாதி அறுந்ததுதான் ஆளைக் கொல்லும்னு நீங்கதானே புலம்புவீங்க."

"நடுரோட்ல நின்னா பின்னால வர்றவன் இடிப்பான்னு தோணலையா உனக்கு?"

"ரெண்டு இழையில கிளம்பவே கிளம்பாது, வாசல்லயே நின்னுடும்னு நெனச்சேன்." அவள் மேஜையில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "கிளம்பிப் போய், ரோட்ல அவர் ஒழுங்கா ஒவ்வொண்ணா போடப் போட நிக்கும்னு நான் கணக்குப் போடல. ஓட்டுறதுல ஒரு குறை கிடையாது. கண்ணுதான் தெரியல."

அவன் பையைக் கீழே போட்டான்.

"என் தலையில ஏன் போட்டே?"

"நான்தான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாரா?"

அவன் பையை மறுபடி எடுத்து ஆணியில் மாட்டினான்.

"நீங்க சொல்லியே நம்பலையே" என்றாள்.

அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவனைச் சுட்டது. கொஞ்சம் பொறுத்து, அப்பாவுக்கு உங்கள் மேல் கோபம் வந்தால் அது கோபத்தோடு போகும், என்மேல் வந்தால் மனிதர் படுத்துவிடுவார், ஆறட்டும், நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். எப்போது என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கே தெரியாத ஒன்றைக் கேட்டு என்ன பயன்?

அவள் சொல்லவில்லை. கிளச் மாஸ்டர்தான் ஊரெல்லாம் சொன்னார். வேண்டுமென்று பழி பரப்புகிற மனிதர் இல்லை. ஆனால் கார் ஏன் நின்றது என்று கேட்டவனுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்ததே. தன் கால் தடுமாறவில்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால் ஒயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒயரைச் சொன்னால் டேப்பைச் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள், மீதிப் பேர் அந்தப் பாதிக்குச் சொந்தக்காரர்கள். கொஞ்ச நாளில் கதை கால் முளைத்து, கை முளைத்து, தானே கோளாறு வைத்துத் தானே கண்டுபிடிக்கிற எலக்ட்ரீஷியன் என்று ஆகிவிட்டது. அந்தத் தொழிலில் இதைவிடக் கேவலமான பேர் கிடையாது. குடிகாரன் என்றால்கூட வண்டியை விடுவார்கள்.

மைத்துனன் ஒரு நாள் வந்தான். ஆறுதல் சொல்லத்தான் வந்திருப்பான் போல. அப்பா நன்மைக்குத்தானே செய்தீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் சமாளித்திருப்பேனே மச்சான் என்று தோளில் கை வைத்தான். எலக்ட்ரீஷியன் அந்தக் கையை எடுத்துவிட்டு, போய்ட்டு வா என்றான். மேஜையில் ஒயர் உரிக்கிற சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது.

மாமனாரின் கார் தினமும் காலையில் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். முனை திரும்புவதற்கு வெகு முன்னாலேயே இண்டிகேட்டர் மினுங்கும். இனி அவரிடம் சாவியைக் கேட்க யாருக்கும் வாயில்லை. மகள் சொன்னாலும் மருமகன் சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாள் என்பார். அந்தக் காரின் சத்தம் கேட்டதும் அவள் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவாள். முனை திரும்பி, அடுத்த தெருவும் தாண்டி, சத்தம் தேயும்வரை நிற்பாள். அப்புறம் வந்து உட்காருவாள்.

ஷெட்டுக்கு வண்டி வருவது குறைந்தது. வந்தவர்களும் முன்போலச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கை போகிற இடமெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கழற்றிய ஃபியூஸைக் கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு நாள் துணிக்கடைக்காரர் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். சூடேறினால் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது என்றார். எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகிற சின்ன ஒயரை விரலால் ஒரு அசை அசைத்தான். உள்ளே இழை அறுந்து தோல் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. சூட்டில் தோல் இளகினால் விட்டுவிடும். கோளாறு அவ்வளவுதான். கை வைத்ததுமே கிடைத்துவிட்டது.

அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், துணிக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன நினைப்பார் என்று அவனுக்குத் தெரியும். போன வாரம் ஒருத்தர் கேட்டே விட்டார், எங்க இருக்குன்னு முன்னாடியே தெரியுமோ என்று.

பேட்டரி முனையைச் சுரண்டினான். எர்த் பட்டையைக் கழற்றி மாட்டினான். டேஷ்போர்டுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. டார்ச்சை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டு, போதுமான நேரம் ஆகட்டும் என்று படுத்திருந்தான்.

துணிக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன், ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, ஜன்னலோரத்து மேஜைக்கு வந்து குரலைத் தணித்தார். தணித்த குரல் காருக்குள் நன்றாகவே கேட்டது.

"நீங்க கொஞ்சம் கண்ணு வெச்சுக்கங்க அக்கா. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"போய்ட்டு வாங்க" என்றாள் அவள். "நான் பாத்துக்கிறேன்."